பூவண்டு வளர்ப்பு: முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை

பூவண்டு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, வண்டுக்கு என்ன சாப்பாடு கொடுப்பது என்பதுதான். அதற்குப் பதில் சுலபம்: நன்றாகப் பழுத்த வாழைப்பழம். ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. பூவண்டு தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் புழுவாகத்தான் கழிக்கிறது. இறக்கையோடு வெளியே வந்த பிறகு அது ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. வண்டு எவ்வளவு பெரிதாக இருக்கும், முட்டையிட அதற்குத் தெம்பு இருக்குமா என்பதெல்லாம் புழுவாக இருந்தபோது தின்ற மட்கை, அதாவது மட்கிய இலையும் மரமும் சேர்ந்த கலவையைப் பொறுத்தே பெரும்பாலும் முடிவாகிறது. அந்தப் புழுவுக்கு என்ன கொடுக்கப் போகிறோம் என்பதுதான் உண்மையான கேள்வி. அதனால் இந்த வழிகாட்டியில் மட்கைப் பற்றி நிறையவும் வண்டைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். மட்கு சரியாக அமைந்துவிட்டால் பூவண்டு வளர்ப்பில் பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும்.

பூவண்டுகள் செட்டோனியினே என்ற துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. சாணவண்டு, காண்டாமிருக வண்டு இவற்றுக்கெல்லாம் உறவு. உலகில் ஏறத்தாழ 4,000 இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை பகலில் பறப்பவை. மற்ற வண்டுகள் முதுகிலுள்ள கெட்டியான மேலிறக்கைகளை விரித்துக்கொண்டு பறக்கும். பூவண்டுகளில் பெரும்பாலானவை அவற்றை மூடியபடியே வைத்துக்கொண்டு, பக்கவாட்டிலுள்ள இடைவெளி வழியாகப் பின்னிறக்கையை நீட்டிப் பறக்கும். அதனால் நொடியில் கிளம்பிவிடும். பெட்டியைத் திறக்கும்போது இதை நினைவில் வையுங்கள். இன்னொன்று: பொன்வண்டு வேறு குடும்பம். அது தின்பது இலை, வளரும் விதமும் வேறு. இங்கே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

1. எந்த இனத்தில் தொடங்குவது

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது பாக்னோடா மார்ஜினேட்டா. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, இரண்டரை சென்டிமீட்டர் நீளம், மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். பல தலைமுறைகளாகப் பெட்டிகளிலேயே வளர்ந்து பழகிய இனம் இது. புழுக்கள் ஒன்றையொன்று அதிகம் கடிப்பதில்லை, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைக்கலாம். கதகதப்பான இடத்தில் முட்டையிலிருந்து வண்டாக வெளிவர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். புரோட்டேஷியா இனங்கள் சிலவும் இதே அளவு சுலபம். தென்கொரியாவில் புரோட்டேஷியா பிரெவிடார்சிஸ் புழுவை உணவுக்காகவே பண்ணைகளில் வளர்க்கிறார்கள் என்றால், அது எவ்வளவு இணக்கமான பூச்சி என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரு தலைமுறை வெற்றிகரமாக முடிந்தபின் டைக்ரோனோரைனா டெர்பியானா, ஆணுக்குக் கவட்டை போன்ற கொம்புள்ள யூடிசெல்லா, வெள்ளைப் புள்ளிகள் பதித்த ஸ்டெஃபனோரைனா குட்டாட்டா ஆகியவற்றுக்குப் போகலாம். அதற்கும் மேலே மெசினோரைனா. கோலியாத்தஸை, அதாவது 11 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய அந்தப் பேருருவை, முதல் வண்டாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதன் புழுவுக்கு மட்கோடு புரதமும் வேண்டும், தனித்தனிப் பெட்டி வேண்டும், கூடுகட்டத் தனி மண் வேண்டும். மூன்றில் எது தவறினாலும் பல மாத உழைப்பு வீணாகும்.

வளர்ந்த வண்டாக வாங்குவதைவிடப் புழுவாக வாங்குவது நல்லது. வண்டைப் பார்த்து அதன் வயதைச் சொல்ல முடியாது. முட்டையெல்லாம் இட்டு முடித்த கிழவண்டாகக்கூட இருக்கலாம். புழுவென்றால் அதன் நிலை கண்ணுக்கே தெரியும். குறைந்தது பத்துப் பன்னிரண்டு புழுக்களாவது வாங்குங்கள். அப்போதுதான் ஆணும் பெண்ணும் கிடைப்பதோடு, ஒரே சமயத்தில் வெளிவரும் ஜோடிகளும் அமையும்.

வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். செடிகொடிகளைத் தின்னக்கூடிய பூச்சிகளை எல்லை தாண்டிக் கொண்டுவரப் பல நாடுகளில் முன் அனுமதி தேவை. அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவதற்கே வேளாண் துறையின் அனுமதி கேட்பார்கள். காட்டிலிருந்து பிடித்துவருவதும் பல இடங்களில் குற்றம்.

2. மட்கு தயாரித்தல்

புழு வருவதற்கு ஒரு மாதம் முன்பாவது இந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள். புழுவைக் கையில் வைத்துக்கொண்டு மட்குக்கு அலையக் கூடாது.

பூவண்டுப் புழு தின்பது பச்சை இலையை அல்ல, உயிருள்ள வேரையும் அல்ல. பூஞ்சையும் நுண்ணுயிர்களும் ஏற்கெனவே பாதி செரித்து வைத்த இலையையும் மரத்தையும் தின்கிறது. அதன் குடலின் பின்பகுதி ஒரு நொதிக்கும் பை. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் மீதிச் செரிமானத்தைச் செய்கின்றன. புழு தன் எச்சத்தைத் தானே திரும்பத் தின்பதும் உண்டு. இதையெல்லாம் மனதில் வைத்தால் பின்னால் சொல்லப்போகும் விதிகள் பலவற்றுக்கும் காரணம் தானாகப் புரியும்.

இலையிலிருந்து தொடங்குவோம். அகன்ற இலையுள்ள, கெட்டி மரங்களின் உதிர்ந்த இலை வேண்டும். இத்துறையில் அதிகம் பேசப்படுவது ஓக், பீச் இலைகள். அவை கிடைக்காத இடங்களில் வேறு மரங்களின் இலையும் சரிதான், ஆனால் மூன்று சோதனைகளில் தேற வேண்டும். கசக்கினால் காரமான தைல வாசனை வரக் கூடாது. மரத்தில் பால் வடியக் கூடாது. அந்த மரத்தடியில் கிடக்கும் பழைய இலை, பழுப்பாகி, வெள்ளைப் பூஞ்சை இழை ஓடி, கையில் எடுத்தால் பொடிகிற நிலைக்குத் தானாகவே வந்திருக்க வேண்டும். யூகலிப்டஸ், பைன், சிடார் கூடவே கூடாது. அவற்றின் எண்ணெயும் பிசினும் புழுவுக்கு ஆகாது. வேப்பிலையும் வேண்டாம். அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகள் தோலுரிப்பதையே தடுக்கும் பொருள். பூச்சிமருந்து தெளித்த தோட்டம், வண்டிகள் ஓயாமல் போகும் சாலையோரம், இந்த இரண்டு இடத்திலும் இலை பொறுக்காதீர்கள்.

அடுத்தது மரம். மட்கிய மரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெளிறி, நார்நாராகப் பிரிந்து, விரலால் கிள்ளினால் பிய்யும், காளான் மணம் வீசும். இதில் பூஞ்சை, மரத்துக்கு உறுதி கொடுக்கும் லிக்னின் என்ற பொருளைத் தின்றுவிட்டு, புழுவுக்கு வேண்டிய செல்லுலோஸில் கணிசமான பகுதியை விட்டுவைத்திருக்கிறது. இன்னொன்று செம்பழுப்பாகி, சதுரச் சதுரமாக வெடித்திருக்கும். அதில் செல்லுலோஸ் போய் லிக்னின்தான் மிச்சம், அதனால் புழுவுக்கு அதில் சத்து குறைவு. வெளிறிய மரத்தை மட்டும் எடுங்கள்.

கொண்டுவந்த இலையிலும் மரத்திலும் அழையா விருந்தாளிகள் இருப்பார்கள். பூரான், சொடக்குப்பூச்சியின் கம்பிப்புழு, எறும்பு, மண்புழு எல்லாம் வரும். பூரானும் கம்பிப்புழுவும் சின்னப் புழுக்களைக் கொன்றுவிடும். மண்புழு கடிக்காது என்றாலும் மட்கைச் சேறாக்கி, உணவுக்குப் போட்டியாக நிற்கும். இவற்றை ஒழிக்கச் சிலர் இலையை வேகவைக்கிறார்கள், சிலர் அடுப்பில் வைத்துச் சுடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களும் பூஞ்சையும் அந்தச் சூட்டில் செத்துப்போகும். பையில் கட்டி உறைபெட்டியில் சில நாள் வைத்து எடுப்பது மேல். பூச்சிகளில் பெரும்பாலானவை சாகும், நுண்ணுயிர்கள் பலவும் பிழைத்துக்கொள்ளும்.

இலையைக் கையால் நொறுக்கி, மரத்தை உதிர்த்து, இரண்டையும் கலக்கவும். என் கணக்கு, கொள்ளளவில் இலை ஆறு பங்கு, மரம் மூன்று பங்கு, ரசாயனம் சேராத நன்றாக மட்கிய தோட்டத்து எரு ஒரு பங்கு. இது கல்லில் பொறித்த விதி அல்ல. இலை கூடினால் புழு வேகமாக வளரும், மரம் கூடினால் கலவை நீண்ட நாள் உழைக்கும். தென்னை நார்த்தூளை மட்டும் நிரப்பி விற்கும் பெட்டிகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஈரம் காக்க அது நல்லதுதான், ஆனால் அதில் தின்ன ஒன்றுமில்லை. புழு அதையும் விழுங்கும், ஆனால் சத்தில்லாமல் மெலிந்தபடியே போகும்.

மட்கிய மரம் கிடைக்காதவர்களுக்கு ஜப்பானிய வண்டு வளர்ப்பாளர்களின் வழி ஒன்று இருக்கிறது: மரத்தூளை நொதிக்கவைப்பது. கெட்டி மரத்தின் தூளாக, பசையோ வண்ணமோ மருந்தோ படாததாக இருக்க வேண்டும். எடையில் பத்துப் பங்கு தூளுக்கு ஒரு பங்கு கோதுமை மாவு அல்லது தவிடு சேர்த்து, பிடித்தால் பிடியாக நிற்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டுப் பிசறி, பெரிய பெட்டியில் கொட்டிக் காற்றோட்டத்தோடு மூடிவைக்கவும். இரண்டு மூன்று நாளில் உள்ளே சூடேறும், 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. ஒரு கட்டத்தில் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை அடிக்கும். தினமும் அடியோடு கிளறிவிடுங்கள். கிளறாவிட்டால் காற்று போகாமல் புளித்து அழுகிவிடும். ஒன்றிரண்டு மாதத்தில் சூடு முழுவதும் தணிந்து, நிறம் கருத்து, வாடை போய் மழைபெய்த மண்ணின் மணம் வரும். அதுவரை ஒரு புழுவைக்கூட உள்ளே விடக் கூடாது. பாதி நொதித்த தூளில் விட்டால் மறுபடி சூடேறியே புழு செத்துவிடும்.

ஈரம் பார்ப்பது எப்படி? கலவையைக் கைநிறைய எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. உதிர்ந்தால் ஈரம் போதாது, சொட்டினால் அதிகம். கொஞ்சம் காய்ந்திருப்பதைவிடச் சொதசொதவென்று இருப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் ஈரம் மிகுந்தால் அடியில் பிராணவாயு தீர்ந்துவிடும்.

3. பெட்டி

பாக்னோடா புழு இருபதுக்குப் பத்து லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி போதும். மூடியில் சின்னத் துளைகள் போட்டு, உள்பக்கம் மெல்லிய கம்பி வலையோ கெட்டித் துணியோ ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஈ புகும். முக்கால் பெட்டிக்குக் கலவை நிரப்புங்கள். மெசினோரைனா போன்ற பெரிய இனங்களுக்கு, புழுப் பருவத்தின் கடைசிக் கட்டமான மூன்றாம் நிலை வந்ததும் ஆளுக்கொரு டப்பா. பெண்ணுக்கு ஒரு லிட்டர், ஆணுக்கு இரண்டு லிட்டரோ அதற்கு மேலோ. நெருக்கத்தில் அவை கடித்துக்கொள்ளும், கோலியாத்தஸ் என்றால் தின்றேவிடும்.

வைக்கும் இடத்தில் 22 முதல் 26 டிகிரி வரை இருந்தால் பெரும்பாலான இனங்களுக்கு நல்லது. பாக்னோடா இன்னும் சற்று வெப்பத்தையும் தாங்கும். வெப்பம் கூடக்கூடப் புழு வேகமாக வளரும், ஆனால் வண்டு சிறுத்துவிடும். நேர் வெயில் படும் ஜன்னலோரம் மட்டும் வேண்டவே வேண்டாம். மட்கும் கலவை தானும் சூட்டை உண்டாக்குவதால், பெட்டிக்குள் அறையைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகவே இருக்கும்.

4. புழு வளரும் மாதங்கள்

புழுக்கள் கைக்கு வந்ததும் முதலில் ஒரு சின்னச் சோதனை. ஒரு புழுவைச் சமதளத்தில் வையுங்கள். பூவண்டுப் புழுவாக இருந்தால் சற்று நேரத்தில் மல்லாந்து, காலெல்லாம் மேலே பார்க்க, முதுகை நெளித்து நெளித்து விறுவிறுவென்று நகரும். முதுகிலுள்ள முள்மயிர்கள்தான் அதற்குப் பிடிமானம். காண்டாமிருக வண்டின் புழுவோ, பயிர்வேரைத் தின்னும் வெண்புழுக்களோ இப்படி நகராது. சுருண்டு பக்கவாட்டில் கிடக்கும், அல்லது காலை ஊன்றித் தவழப் பார்க்கும். விற்றவர் தவறான புழுவைக் கொடுத்துவிட்டாரா என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். பார்க்கவும் அவ்வளவு அழகான நடை.

புழுப் பருவத்தில் மூன்று நிலைகள். உடம்பு நாளுக்கு நாள் பருக்கும், ஆனால் தலை தோலுரிக்கும்போது மட்டும்தான் பெரிதாகும். ஆகவே நிலையை அறிய உடம்பைப் பார்க்காதீர்கள், தலையின் அகலத்தைப் பாருங்கள். அப்போதுதான் தோலுரித்த புழுவின் தலை வெளுத்திருக்கும், பிறகு செம்பழுப்பாகும். வெளுத்த தலையோடு பார்த்தால் அப்படியே மூடிவிடுங்கள். அந்தச் சமயத்தில் சின்ன அழுத்தமும் காயமாகிவிடும்.

முதல் நிலையும் இரண்டாம் நிலையும் சில வாரங்களில் முடிந்துவிடும். மூன்றாம் நிலைதான் நீளம், தீனியில் பெரும்பகுதி போவதும் அதில்தான். தின்ற மட்கு சதுரம் சதுரமான புழுக்கைகளாக வெளியே வரும். மேல்மண்ணை ஒதுக்கிப் பார்த்தால் பாதிக்குப் பாதி புழுக்கையாக இருக்கிறதா? கலவையை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பெட்டியின் நெரிசலைப் பொறுத்து நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இது வரும். சல்லடையில் புழுக்கையைச் சலித்துவிட்டு, பழைய கலவையில் மூன்றில் ஒரு பங்கைப் புதியதோடு சேருங்கள். மொத்தமாக மாற்றினால் புழுவின் குடலுக்குப் பழகிய நுண்ணுயிர்கள் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். சில நாள் தீனி எடுக்காமல் நிற்கும். சலித்த புழுக்கையைத் தூக்கிப்போடாதீர்கள், தொட்டிச் செடிகளுக்கு அருமையான உரம்.

பெட்டியில் கவனிக்கவேண்டிய ஒரே ஒரு அறிகுறியைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன்: புழுக்கள் கூட்டமாக மேலே வந்து கிடக்கின்றனவா? ஆரோக்கியமான புழு வெளிச்சத்துக்கு வராது. மேலே வந்தால் அடியில் ஏதோ சரியில்லை. கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கலவை இன்னும் நொதிக்கிறது. முட்டை அழுகியது போல் நாறினால் ஈரம் மிகுந்து காற்று தீர்ந்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் கலவையில் சத்து தீர்ந்திருக்கலாம், அல்லது இலையில் மருந்து இருந்திருக்கலாம். எதுவானாலும் அன்றைக்கே மாற்றுங்கள். மறுபடி உள்ளே புதைத்துவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் பல புழுக்களை இழக்க நேரும்.

பெரிய இனங்களுக்குப் புரதம் பற்றி ஒரு வார்த்தை. கோலியாத்தஸ் புழு 100 கிராமைத் தொடக்கூடியது. வெறும் இலையால் அந்த உடம்பைக் கட்ட முடியாது. நாய்க்கோ வளர்ப்பு மீனுக்கோ கொடுக்கும் உலர்ந்த உருண்டை ஒன்றிரண்டை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை கலவைக்குள் செருகிவிடுங்கள். இரண்டு நாளில் தின்னாமல் மிச்சம் இருந்தால் எடுத்துவிட வேண்டும். பூஞ்சை பிடித்த உருண்டையில்தான் பொடிபோல ஒட்டும் உண்ணிகள் முதலில் பெருகும். பாக்னோடாவுக்கு இதெல்லாம் தேவையில்லை.

ஆணா பெண்ணா என்பதை மூன்றாம் நிலைப் புழுவிலேயே சொல்லலாம், பெரிய இனங்களில். புழுவின் வயிற்றுப்பக்கம், வாலுக்குச் சற்று முன்னால், நடுக்கோட்டில் ஒரு சின்னக் கருமையான புள்ளி தெரிந்தால் ஆண். நல்ல வெளிச்சமும் பொறுமையும் வேண்டும்.

5. கூடு கட்டும் காலம்

மூன்றாம் நிலையின் கடைசியில் புழு வெண்சாம்பல் நிறம் மாறி மஞ்சளிக்கும். உள்ளே கொழுப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். தீனி குறையும், சில இனங்கள் இடம் தேடி அலையும். இந்த நேரத்திலிருந்து கலவையை மாற்றாதீர்கள், கிளறாதீர்கள், பெட்டியை இடம் மாற்றவும் வேண்டாம்.

புழு தன் புழுக்கையையும் சுற்றியிருக்கும் மண்ணையும் சுரப்பால் ஒட்டி, முட்டை வடிவத்தில் கெட்டியான கூட்டைத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும். பெட்டிச் சுவரோடு, மூலையில், அல்லது மரத்துண்டின் அடியில் ஒட்டிக் கட்டுவது வழக்கம். பாக்னோடாவுக்கு இருக்கிற கலவையே போதும். கோலியாத்தஸுக்கு மட்டும் களிமண் கலந்த மண்ணை, அதிகம் ஈரமில்லாமல், பத்து சென்டிமீட்டருக்கு மேல் அழுத்தி நிரப்பிய தனிப் பெட்டி தேவை. அது இல்லாவிட்டால் கூடு கட்ட முடியாமல் அலைந்து அலைந்தே சாகும்.

கூட்டை உடைத்துப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். பார்க்காதீர்கள். கூட்டுக்குள் புழு கடைசித் தோலை உரித்துக் கூட்டுப்புழுவாகிறது, பிறகு வண்டாகிறது. ஓடு கெட்டிப்பட்டு நிறம் ஏறிய பின்னும் வாரக்கணக்கில், சில இனங்கள் மாதக்கணக்கில், உள்ளேயே அசையாமல் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். இந்த நேரத்தில் முழுவதும் உலரவும் விடக் கூடாது, நனைக்கவும் கூடாது. கலவை காய்வது தெரிந்தால் பெட்டியின் ஓரத்தில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள்.

கூடு தவறி உடைந்துவிட்டால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டாம். பூ அலங்காரத்துக்குப் பயன்படும் பச்சை நுரைக்கட்டியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, கூட்டின் அளவுக்கு வழவழப்பான குழி தோண்டி, கூட்டுப்புழுவைக் கரண்டியால் எடுத்து வையுங்கள். வண்டு வெளிவந்து இறக்கையை நேராக்கிக்கொள்ள இடம் விட்டு, ஈரம் காயாமல் மூடிவைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

6. வண்டுகள்

வண்டு தானாகக் கூட்டை உடைத்துக்கொண்டு மேலே வந்து தீனி தேட ஆரம்பித்ததும் வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். இது சற்று உயரமாக இருக்க வேண்டும். அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் கலவை. அதில் கீழ்ப் பகுதி ஐந்து சென்டிமீட்டரைக் கையால் நன்றாக அழுத்திவிடுங்கள், பல பெண் வண்டுகளுக்கு இறுகிய இடம்தான் முட்டையிடப் பிடிக்கும். மேலே கிளை, மரப்பட்டை, காய்ந்த இலை போடுங்கள். இவை அழகுக்கு அல்ல. பறந்து மோதி மல்லாந்து விழும் வண்டுக்குப் பிடித்துத் திரும்ப ஏதாவது வேண்டும். வழுவழுப்பான தரையில் காலை உதைத்து உதைத்தே களைத்துச் செத்துப்போகும்.

பகல் வண்டுகள் என்பதால் வெளிச்சம் அவசியம். தினம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒரு எல்இடி விளக்கு எரிந்தால் பறக்கும், தின்னும், இணையும். இருட்டறையில் வைத்தால் மண்ணுக்குள்ளேயே கிடக்கும்.

தீனி: நன்றாகப் பழுத்த வாழைப்பழம், மாம்பழம், ஆப்பிள், அல்லது வண்டுகளுக்கென்று விற்கும் ஜெல்லி. தோல் சீவிய துண்டாக, சின்ன மூடியிலோ தட்டிலோ வையுங்கள். சாறு கலவைக்குள் இறங்கினால் புளிக்கும், ஈ மொய்க்கும். ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தர்பூசணி போல வெறும் தண்ணீராக இருக்கும் பழம் வேண்டாம், சத்து போதாது.

பாக்னோடாவில் ஆணையும் பெண்ணையும் அறிய வண்டைத் திருப்பி வயிற்றைப் பாருங்கள். நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடினால் ஆண். வழவழப்பாகப் புடைத்திருந்தால் பெண். கொம்புள்ள இனங்களில் சொல்லவே வேண்டாம். ஆண்கள் சண்டையிடும் மெசினோரைனா போன்றவற்றில் ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கு நல்லது. அப்படி இல்லாவிட்டால் ஆண் ஓயாமல் துரத்தி, பெண்ணை முட்டையிட விடாது.

பெரிய இனங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆண் புழு அதிக எடை போட வேண்டியிருப்பதால் பெண் முந்திக்கொண்டு வெளிவருவது சகஜம். புழுவாக இருக்கும்போதே ஆணை ஒன்றிரண்டு டிகிரி கதகதப்பாகவும் பெண்ணைச் சற்றுக் குளிர்ந்த இடத்திலும் வைத்தால் இடைவெளி குறையும். புழுவிலேயே பாலினம் பார்க்கக் கற்றுக்கொள்வதன் பலன் இங்கேதான் தெரியும்.

7. முட்டை

இணைந்த பெண் மண்ணுக்குள் போய், மேலே வந்து தின்று, மறுபடி உள்ளே போய் என்று வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக முட்டையிடும். முட்டை வெள்ளையாக இருக்கும், சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சி நாளாக ஆக உருண்டு பருக்கும். இதனால்தான் வண்டுப் பெட்டியின் கலவை காயவே கூடாது. சுமார் இரண்டு வாரத்தில் பொரிக்கும்.

பாக்னோடாவாக இருந்தால் ஒன்றும் செய்யவேண்டாம். ஐந்தாறு வாரம் கழித்து வண்டுகளை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டுப் பழைய பெட்டியைப் புழுக்களுக்கே விட்டுவிடலாம். அரிய இனமாக இருந்தால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கலவையைத் தட்டில் கொட்டி, முட்டையையும் குஞ்சுப் புழுவையும் கரண்டியால் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து எடுத்து, அதே கலவை நிரப்பிய சின்ன டப்பாவில் வையுங்கள். விரலால் தொடாதீர்கள். டப்பாமேல் இனம், எடுத்த தேதி, பெற்றோர் எந்தக் கூட்டம் என்பதை எழுதி ஒட்டுங்கள். குஞ்சுப் புழுக்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

8. கெடுவது எதனால்

பெட்டியில் துள்ளும் சின்ன வெள்ளைப் பூச்சிகள் மட்கு தின்னிகள், ஒன்றும் செய்யாது. இலையில் ஓடும் வெள்ளைப் பூஞ்சை இழையும் நல்லதே, புழு அதையும் தின்னும். கொசு மாதிரியான கருப்பு ஈக்கள் எரிச்சலூட்டும், புழுவைக் கடிக்காது. மேல் இரண்டு சென்டிமீட்டரைச் சற்றுக் காயவிட்டால் குறையும்.

உண்ணி வேறு கதை. புழுவின் மேலும் வண்டின் மூட்டுகளிலும் வெளிர்ப் பொடி தூவியதுபோல ஒட்டியிருக்கும். ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. அப்பிக்கிடந்தால் ஈரமும் பழமிச்சமும் அதிகம் என்று அர்த்தம். வண்டை மென்மையான தூரிகையால் துடைத்து, கலவையை முழுவதும் மாற்றி, ஈரத்தைக் குறையுங்கள்.

பயப்பட வேண்டியது பூஞ்சை நோய்க்குத்தான். இறந்த புழு விறைத்து, பிறகு மேலே பச்சைப் பொடி பூத்தால் அது மெட்டாரைசியம். அந்தப் புழுவையும் சுற்றியுள்ள மண்ணையும் உடனே பையில் கட்டி அகற்றி, மற்றவற்றைப் புதிய கலவையில் பிரித்து வையுங்கள். அந்தப் பெட்டியில் பயன்படுத்திய கரண்டியை வேறு பெட்டியில் விடாதீர்கள். துவண்டு, கருத்து, நாறிக் கிடந்தால் பெரும்பாலும் பாக்டீரியா. அதற்கும் இதே வைத்தியம். உடம்பில் ஒரே ஒரு கரும்புள்ளி இருந்து, புழு திடமாகத் தின்றுகொண்டிருந்தால் அது கடிபட்ட காயம் கருத்தது, ஆறிவிடும்.

9. பெருகிய பின்

பாக்னோடா ஒரு வருடத்தில் உங்கள் பெட்டிகளை நிரப்பிவிடும். மிஞ்சியதை வெளியே விடுவது மட்டும் கூடாது. ஆசியாவைச் சேர்ந்த புரோட்டேஷியா ஓரியண்டாலிஸ் குவாமுக்கும் ஹவாய்க்கும் போய் அங்கேயே வேரூன்றிவிட்டது. பூவையும் பழத்தையும் தின்னும் ஒரு வெளிநாட்டு வண்டை ஒருமுறை விட்டுவிட்டால் திரும்பப் பிடிக்க வழியில்லை. பயன்படுத்திய கலவையைத் தோட்டத்தில் கொட்டுவதற்கு முன்பும் உறைபெட்டியில் சில நாள் வையுங்கள், அதில் கண்ணுக்குத் தப்பிய முட்டைகள் இருக்கும்.

மிஞ்சிய புழுக்களை இதே இனத்தை வளர்க்கிற இன்னொருவரோடு மாற்றிக்கொள்வதுதான் சிறந்த வழி. ஒரே தாய்தகப்பன் வழியில் தலைமுறைகள் ஓடினால் முட்டை குறையும், பொரிப்பது குறையும், இறக்கை கோணிய வண்டுகள் வர ஆரம்பிக்கும். சில தலைமுறைக்கு ஒருமுறை வேறு கூட்டத்துப் புழு பத்து வந்து சேர்ந்தால் வம்சம் தெம்பாக நிற்கும். வந்த புழுக்களை நேரே உங்கள் பெட்டியில் விடாமல், ஒரு மாதம் தனியாக வைத்து உண்ணியும் நோயும் இல்லையென்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.